பெட்டரிக்கு ஊற்றிய பீலித் தண்ணீர்

மச்சான்,

இன்று காலை கடையில் ஒரு பழைய பெட்டரியின் மூடிகளைத் திருகிக் கழற்றினேன். எசிட் மணம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். மூக்கின் நுனியில் சுருக்கென்று குத்தித் தொண்டைக்குள் புளிப்பாக இறங்கும் அந்த மணம் என் சட்டையிலும் தலையணையிலும் ஊறிப் போயிருப்பதாக என் மனைவி இன்றைக்கும் முறைப்பாடு சொல்வாள். அது இல்லாத பெட்டரியை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். பாசி பிடித்த கல்லின் மணம் வந்தது. மலை ஊற்று வழிந்து விழும் உங்கள் தோட்டத்துப் பீலியடியில் நின்றால் வருமே, அதே ஈர மணம்.

அது உன் பெட்டரி. தெல்தோட்டையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறியில் அதைப் போட்டு, கூடவே தானும் முன் சீட்டில் ஏறி, உன் அக்கா வந்திருந்தார். நீ போன பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. போகவில்லை என்பதுதான் சரி. வழி தெரியாமல் இல்லை. ஏன் போகவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அக்கா மெலிந்துவிட்டார். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. பெட்டரியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றார். உன் ஒட்சிசன் மெஷினைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் செல்லம்மாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த செல்லம்மாவுக்கு இப்போது வாசல்படி இறங்கினாலே இளைக்கிறதாம். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் உங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் வராது. அதனால் இந்தப் பெட்டரியை நான் திருத்திக் கொடுத்தால் அவளுக்கு உதவும் என்றார்.

"தண்ணிய நான் பாத்துக்கிறேன் தம்பி," என்றார். "சின்னவனுக்கு நான்தானே ஊத்துனேன். ஒரு நா கொறைய விட்டதில்ல."

சின்னவன் என்றால் நீதான். மண்டை வழுக்கை விழுந்த பிறகும் நீ அவருக்குச் சின்னவன்தான். அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை இருந்தது மச்சான். அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே பெருமை அதுதான் என்று எனக்குப் பட்டது. தலையை ஆட்டிவிட்டுத் திருகுசாவியை எடுத்தேன். மூடிகள் கழன்றன. ஒவ்வோர் அறையிலும் கழுத்து வரைக்கும் தெளிந்த தண்ணீர். நீ போன பிறகும் அவர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

உனக்கு ஞாபகம் இருக்குமா, அந்தத் தண்ணீரோடு நமக்கு முதல் சண்டை எங்கே தொடங்கியது என்று. கண்டியில் நாம் உயர்தரம் படித்த காலம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இரண்டு காபன் கோல், கொஞ்சம் வயர், டோர்ச் பெட்டரி, முள் உள்ள ஒரு மீட்டர். காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் கோல்களை இறக்கினோம். முள் அசையவில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் துள்ளி எழுந்தது. தண்ணீர் கரண்ட் கடத்தும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று உம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம். வெறும் தண்ணீர் ஒன்றும் செய்யாது, அதில் கரைந்திருப்பதுதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

நீ உடனே பையிலிருந்து உன் குடிதண்ணீர்ப் போத்தலை எடுத்தாய். கண்டிப் பைப் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நாறுகிறது என்று வீட்டிலிருந்தே பீலித் தண்ணீர் சுமந்து வருகிற ஆள் நீ. உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் அதுதான், முள் ஒரு மயிரிழைகூட அசையாது என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டாய். அசைந்தது. அதிகம் இல்லை, ஆனால் பார்த்த எல்லோருக்கும் தெரியும்படி அசைந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ் நிலையம் வரை நீ என்னோடு பேசவில்லை. உன் அம்மாவை யாரோ பேசிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாய்.

மறுநாள் நீயே வந்து சமாதானம் சொன்னாய். எனக்கு இல்லை, உனக்கே.

"சுத்தமான தண்ணிக்கு ருசி கெடையாதுடா. பீலித் தண்ணி இனிக்குதுன்னா மலை அதுல கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். நாங்க மலையத்தான் குடிக்கிறோம்."

அதன் பிறகு அந்தப் பாடத்தை நீ விடவே இல்லை. மின்பகுபொருள் என்ற சொல்லை உன் வாயில் கேட்க வேண்டும். பலகாரத்தின் பெயரைச் சொல்வது போலச் சொல்வாய். நீ கெம்பஸ் போனாய், பிறகு உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே கெமிஸ்ட்ரி சேராகப் போனாய். எனக்குப் பரீட்சை சரிவரவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாப்பா நடத்திய பெட்டரிக் கடையில் உட்கார்ந்தேன். நீ படித்ததும் நான் விற்றதும் ஒரே சாமான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

சனிக்கிழமைகளில் வருவாய். ப்ளேன்டீயை ஆற விட்டுவிட்டு, வருகிற ஆட்களுக்குப் பாடம் எடுப்பாய். கரண்ட் இந்தத் தண்ணீருக்குள்ளேயா ஓடுகிறது சேர் என்று ஒரு த்ரீவீல்காரர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். போச்சு. வயருக்குள் ஓடுவது இலத்திரன், அதற்கு நீந்தத் தெரியாது என்று ஆரம்பித்தாய். எசிட்டுக்குள் போய் வருவது அயன். ஈயத் தகடு ஒரு பக்கம், ஈய ஒட்சைட்டுத் தகடு ஒரு பக்கம், நடுவில் எசிட். கரண்ட் எடுக்க எடுக்க எசிட்டில் இருக்கிற சல்பேற்று இரண்டு தகட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். எசிட் நீர்த்துப் போகும். அதனால்தான் எசிட்டின் கனம் பார்க்கிற முதலாளியின் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை கீழே இறங்குகிறது என்று என்னைக் காட்டினாய். முதலாளி என்று என்னைக் கூப்பிடுவது உனக்கு ஒரு நக்கல்.

"பெட்டரி செத்துப்போச்சுங்கிறோம். சாகலங்க. உள்ள எல்லாரும் தகட்டுல போய் ஒக்காந்துட்டாங்க. சார்ஜ் போட்டா எந்திரிச்சுத் தண்ணிக்குள்ள வந்துருவாங்க. ரொம்ப நாள் ஒக்கார விட்டாத்தான் எந்திரிக்க மாட்டாங்க."

த்ரீவீல்காரர் பாவம், சார்ஜ் போட்டால் போதுமா புதுசு வாங்க வேண்டுமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று என்னைப் பார்த்தார். புதுசு ஒன்று விற்கப் போன வியாபாரத்தை நீ அன்று கெடுத்தாய். நீ போன பிறகு கடையில் பாடம் இல்லை. யாராவது பெட்டரியை இறக்கினால் அளந்து பார்க்கிறேன், மாற்று என்கிறேன், மாற்றிக்கொண்டு போகிறார்கள். சனிக்கிழமைகளில் கடையை வெள்ளென மூடிவிடுகிறேன்.

உன் நெஞ்சு எப்போது கெட்டது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பாலத்தில் நடந்து வரும்போது நடுவில் நின்று ஆற்றைப் பார்ப்பாய். ஆற்றில் என்ன இருக்கிறது என்று நான் நக்கலடித்தேன். மூச்சு வாங்க நின்றிருக்கிறாய். பிறகு டொக்டர் சொன்னார், நுரையீரல் காய்ந்து இறுகிக்கொண்டு வருகிறது, திரும்ப இளகாது, இருக்கிறதைக் கொண்டு ஓட்டுவதுதான் வழி என்று. ஓட்டுவதற்கு ஒரு மெஷின் வந்தது. அறைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி ஒட்சிசனைப் பிரித்து மூக்குக்குத் தருகிற பெட்டி. அதற்குக் கரண்ட் வேண்டும்.

பெட்டரியும் இன்வேட்டரும் நான் கொண்டு வந்தேன். எடுத்து வைக்க இரண்டு ஆள் வேண்டிய பெரிய பெட்டரி. நீ கட்டிலில் இருந்தபடி வயரிங்கில் குற்றம் கண்டுபிடித்தாய். நான் உன் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இறங்கினால் இந்தப் போத்தலில் இருக்கிற பெட்டரித் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். எசிட் உள்ளேயே இருக்கும், ஆவியாகப் போவது தண்ணீர்தான், அதனால் தண்ணீர் மட்டும் போதும். அக்கா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தம்பி என்றார். காய்ச்சி வடிக்கிற தண்ணி என்றேன். பாவம், செத்த தண்ணி என்று சொல்லிவிட்டு அதைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிறகு நாடு நின்றுபோன அந்த வருடம் வந்தது. கப்பல் இல்லை, எரிபொருள் இல்லை, கரண்ட் நேரசூசி போட்டு வெட்டினார்கள். உன் பெட்டரி தினமும் காலியாகித் தினமும் நிரம்பியது. அப்படி வேலை வாங்கினால் பெட்டரி தண்ணீரைக் குடிக்கும். நான் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய போத்தல்கள் முடிந்தன. எனக்கே எங்கும் கிடைக்கவில்லை. புது பெட்டரி ஒன்றுகூடத் துறைமுகத்தில் இறங்கவில்லை. எசிட்டும் இல்லை. டெலிபோனில் கேட்பேன், ஓடுகிறதா என்று. ஓடுதுடா என்பாய். அதற்கு மேல் பேச உனக்கு முடியாது, எனக்கும் கேட்கப் பயம்.

பெற்றோல் கொஞ்சம் கிடைத்த அன்று வேனை எடுத்துக்கொண்டு வந்தேன். பகல் வெட்டு. மெஷின் ஓடவில்லை. பெட்டரி நிரம்பச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டிய நேரம் அது. நீ தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து, தோளால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாய். அக்கா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். நான் மூடிகளைக் கழற்றிக் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினேன். மிதவை எல்லா அறையிலும் அடியில் கிடந்தது. மூடிகளின் உட்புறத்தில் செம்மண் நிறத்தில் ஒரு படை. பெட்டரிக்குள் அந்த நிறம் வர வழியே இல்லை.

"யார்டா தண்ணி ஊத்தின?"

"அக்கா."

"என்ன தண்ணி?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "மொதக் கொடம்."

அதை நீ எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தோட்டத்து வழக்கம் எனக்குத் தெரியும். விடிந்ததும் பீலியில் யாரும் முகம் கழுவுவதற்கு முன்னால் பிடிக்கிற முதல் குடம், லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போகும். குளிக்கிறவர்கள் தள்ளி நின்று வழி விடுவார்கள். அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுவார்கள், நோயாளிக்கு முகம் துடைப்பார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் உன் வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கும் அந்தக் குடம் வந்தது. எங்கள் வீட்டில் ஓதி ஊதிய தண்ணீர் தருவார்கள், இங்கே இது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். போத்தல் தீர்ந்துபோனதும் அக்கா யோசித்திருக்கிறார். பெட்டரி நின்றால் உன் மூச்சு நிற்கும். அப்படியானால் பெட்டரியும் நோயாளிதான். கடைப் போத்தலில் வந்த செத்த தண்ணீரை விட முதல் குடம் எவ்வளவோ மேல். கஞ்சிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் புனல் வைத்து ஊற்றியிருக்கிறார். நீ அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. அன்று கையில் இருந்த குழாயை மேசையில் அடித்து வைத்தேன்.

"கெமிஸ்ட்ரி சேர்தானேடா நீ. பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு சொல் சொல்ல ஏலாமப் போச்சா?"

"சொல்ல மூச்சு பத்தலடா."

அதை நான் நம்பவில்லை. ஏன் தெரியுமா? அடுத்த நிமிடமே நீ எனக்குப் பாடம் எடுத்தாய். விட்டு விட்டு, இழுத்து இழுத்து, ஆனால் கண்ணில் பழைய சனிக்கிழமை வெளிச்சத்தோடு எடுத்தாய். பீலிக் கல் சிவந்து கிடப்பது இரும்பு என்றாய். அது எசிட்டுக்குள் போனால் சும்மா இருக்காதாம். ஒரு தகட்டில் ஒன்றை வாங்குமாம், நீந்திப் போய் மற்றத் தகட்டில் கொடுக்குமாம், மறுபடி வருமாம். யாரும் ஒரு பல்பைக்கூடப் போடாமலே உள்ளுக்குள்ளேயே கரண்ட் எல்லாம் தீர்ந்துபோகும் என்றாய். இரும்பைப் பற்றிச் சொல்ல உனக்கு மூச்சு இருந்தது. அக்காவிடம் நீ சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். மழைத்தண்ணி. கூரைத் தகரத்தில் படாமல் வெளியே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துப் பிடித்திருந்தால் சமாளித்திருக்கலாம். தெல்தோட்டையில் மழைக்கா பஞ்சம்? அது உனக்குத் தெரியாதா?

நான் இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, "விடுடா, நானும் தகட்டுல ஒக்காந்துட்டேன். இனிமே சார்ஜ் போட்டு ஆகாது," என்றாய். அதற்குப் பிறகு சொன்னதுதான் இன்று காலை என் காதில் கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிறாத."

சொல்ல மாட்டேன் என்றேன். உன் பெட்டரியைக் கொட்டிக் கழுவிப் புது எசிட் விடலாம் என்று பார்த்தேன். எசிட் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் வேன் பெட்டரியைக் கழற்றிப் பஸ்ஸில் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் உன்னைக் கண்டிக்கு இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் சுவரிலிருந்தே வந்தது. கரண்ட் வெட்டும் இல்லை, பெட்டரியும் தேவையில்லை, குழாயைத் திருகினால் வேண்டிய அளவு. அது அத்தனையும் இருந்துமே நீ போனாய். நுரையீரலில் வாங்கிக்கொள்ள இடமே இல்லை என்று டொக்டர் சொன்னார். பெட்டரி நல்லபடி ஓடியிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பானா என்று அவரைத் தனியே கூட்டிப் போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம் மச்சான். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

தேயிலைக்கு நடுவே உன்னை அடக்கம் செய்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்க பெட்டரி குடுத்ததாலதான் அவன் இம்புட்டு நாள் இருந்தான் தம்பி என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

இன்று அவரே வந்துவிட்டார். இந்தப் பெட்டரி இனி எதற்கும் ஆகாது. உள்ளே எசிட் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வழியவிட்டு வழியவிட்டு ஊற்றியதில் இருந்ததெல்லாம் வெளியே போய், பீலித் தண்ணீர் மட்டும் நிற்கிறது. தகடுகள் வெள்ளையாகிவிட்டன, தொட்டால் உதிரும். உன் பாஷையில் சொன்னால் உட்கார்ந்தவர்கள் இனி எழுந்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்வது எளிது. பெட்டரி பழசு அக்கா, வேறு தாரேன் என்றால் முடிந்தது. ஆனால் வேறு ஒன்றைக் கொடுத்தாலும் அதற்கும் நாளைக்கு முதல் குடம் வரும். செல்லம்மா பக்கத்தில் படுத்திருப்பாள். அவளுக்கு அயனும் தெரியாது, இரும்பும் தெரியாது.

அப்படியானால் நான் சொல்லியாக வேண்டும். இந்தத் தண்ணீரைப் பெட்டரிக்கு ஊற்றாதீர்கள் அக்கா. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மிச்சத்தை அவரே விளங்கிக்கொள்வார். படிக்காதவர்தான், முட்டாள் இல்லை. அப்ப சின்னவனுக்கு என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அவர் லொறியில் ஏறித் தெல்தோட்டை வரைக்கும் தனியே போக வேண்டும். காலையில் எழுந்து பீலிக்குப் போக வேண்டும்.

நான் திருகுசாவியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவரே கேட்டார். லயத்தில் யாராவது வாயை விட்டிருப்பார்களோ, அல்லது இந்த நாளெல்லாம் தனியாக இருந்து யோசித்தாரோ தெரியாது. தெருவைப் பார்த்துக்கொண்டு, ஏதோ மரக்கறி விலை கேட்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு இது ஏன் தம்பி நின்னு போச்சு?"

பாலத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

"பழசாகிட்டு அக்கா," என்றேன். "எல்லாப் பெட்டரியும் ஒரு நாள் அப்பிடித்தான்."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று நினைத்தார், அது தெரிந்தது.

உள்ளே போய்ப் புதிதாக வந்திருந்த ஒன்றை எடுத்து வந்தேன். மூடி இல்லாத ரகம். எசிட்டைக் கூழாக்கி உள்ளே வைத்து அடைத்திருப்பார்கள். திறக்க வழியில்லை, ஊற்றத் தேவையில்லை. வேறு ஓர் ஆள் சொல்லி வைத்திருந்தது, அவருக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உன்னுடையதை விடச் சிறியது. செல்லம்மாவுக்கு நீண்ட வெட்டில் அது காணாது, எனக்குத் தெரியும். இதுவும் ஒரு நாள் சாகும். திறக்க முடியாததால் எப்படிச் செத்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்குக் கொடுத்த வாக்கும் நின்றது, செல்லம்மாவின் பெட்டரியும் தப்பியது. நல்ல யோசனை என்று நீ சொல்வாய். எனக்கு ஏதும் நல்லதாகப் படவில்லை.

அக்கா குனிந்து பெட்டரியைத் தடவிப் பார்த்தார். மேல் பக்கம், இரண்டு ஓரம், பின்னால். கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் தடவினார். புனலைக்கூட மடித்துக் கொண்டு வந்திருந்தார்.

"இதுல எங்க ஊத்துறது?"

"இதுக்குத் தேவல்ல அக்கா. ஒண்டும் செய்யத் தேவல்ல."

"ஒண்ணுமேவா?"

அப்போது அவர் முகம் வாடியது பார் மச்சான். உன் அடக்கத்தன்று பார்த்த முகத்தை விட இது எனக்குத் தாங்கவில்லை. போத்தலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என் மேசையில் வைத்தார். விடியப்பொறத்தால புடிச்சது, நீங்களாவது குடிங்க தம்பி என்றார். லொறிக்காரன் கூப்பிட்டான், புதுப் பெட்டரியைத் தூக்கி ஏற்றிவிட்டேன். ஏறிப் போய்விட்டார்.

உன் பெட்டரி கடையின் பின்பக்கம் இருக்கிறது. ஈயம் எடுக்க வருகிறவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. போத்தல் தண்ணீரை மத்தியானம் குடித்தேன். நல்ல இனிப்பு. உன் மலை அப்படியே அதில் இருக்கிறது. குடித்துவிட்டு உன்மேல் எனக்கிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன்.

சொல்ல மூச்சு பத்தலடா என்றாயே, அதை இத்தனை நாளும் பொய் என்றுதான் வைத்திருந்தேன். இரும்பைப் பற்றிப் பேச மூச்சு இருந்தவனுக்கு அக்காவிடம் ஒரு சொல் சொல்லவா மூச்சில்லை என்று மனதுக்குள் எத்தனை முறை உன்னோடு சண்டை பிடித்தேன். இன்று என் முன்னால் அக்கா நின்றார், அவராகவே கேட்டார். என் நெஞ்சு நிறைய நல்ல மூச்சு இருந்தது. சொல்லப் பார்த்தேன், பத்தவில்லை. நீ சொன்னதை இப்போது நம்புகிறேன்.